குண்டு துளைத்த பலகை

சாலை ஓரத்திலே ஒரு பலகை நிற்கிறது. அது எவரையும் ஏசவில்லை. எவருடைய வழியையும் மறிக்கவில்லை. எவரிடமும் காசு கேட்கவில்லை. இந்த இடத்திலே இன்ன நாளிலே இன்னது நடந்தது என்று சில வரிகளிலே சொல்லிவிட்டு, வெயிலிலும் மழையிலும் வாய்மூடி நிற்கிறது. விரும்புவோர் வண்டியை நிறுத்திப் படிக்கலாம். விரும்பாதோர் விரைந்து செல்லலாம். இவ்வளவு சாதுவான பொருள் உலகிலே வேறு உண்டோ?

அந்தச் சாதுவான பலகையைத் துப்பாக்கியால் சுட்டார்கள். ஒரு முறை அல்ல, இரு முறை அல்ல. பின்னர் எண்ணிப் பார்த்தபோது அதிலே இருந்த துளைகள் 317!

பகைவனைச் சுடுவர், பாயும் புலியைச் சுடுவர், பலகையைச் சுடுவானேன்? உயிரற்ற தகட்டினிடம் உயிருள்ள மனிதனுக்கு என்ன அச்சம்? விந்தையான இந்தக் கேள்விக்கு விடை காண, நாம் அமெரிக்க நாட்டின் மிசிசிப்பி மாநிலத்துக்கு, டல்லஹாச்சி ஆற்றின் கரைக்குச் சென்றாக வேண்டும்.

சாலை ஓரங்களிலே வரலாற்றுப் பலகை நாட்டுவது அமெரிக்க நாட்டிலே நெடுங்கால வழக்கம். மோட்டார் வண்டிகள் பெருகி, மக்கள் ஊர்விட்டு ஊர் சுற்றிப் பார்க்கத் தொடங்கிய காலத்திலே, 1927-ஆம் ஆண்டிலேயே, வர்ஜீனியா மாநிலம் தன் நெடுஞ்சாலைகளிலே இத்தகைய பலகைகளை நாட்டத் தொடங்கியது. மற்ற மாநிலங்களும் அவ்வழியே சென்றன. இங்கே இந்தத் தளபதி பாசறை அமைத்தார். இந்த ஆற்றங்கரையிலே அந்தப் போர் நடந்தது. இந்த மாளிகையிலே இன்ன பெருமகன் பிறந்தார் என்று பலகைகள் வழிப்போக்கருக்குப் பாடம் நடத்தின. நல்ல காரியந்தான்! ஏடு தொடாதவனுக்கும், பள்ளி வாசலை மிதியாதவனுக்கும் நாட்டின் கதையை நடுவழியிலே சொல்லித் தரும் ஏற்பாட்டினை யார் குறை கூறுவர்?

ஆயினும், பலகை சொன்னதைப் படிப்பதோடு நில்லாமல், அது சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்போரும் இருந்தனர். மாளிகை யாருடையது என்று பலகை கூறிற்று. அதற்குச் செங்கல் சுமந்த தோள்கள் யாருடையவை என்று கூறவில்லை. பருத்திப் பண்ணையின் பரப்பைக் கூறிற்று. அதிலே பருத்தி எடுத்த கைகளிலே பூட்டியிருந்த விலங்கைக் கூறவில்லை. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்து நின்று, 1861 முதல் 1865 வரை போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதிகளுக்குச் சிலைகள், தூண்கள், பலகைகள்! அந்த அடிமைகளுக்கோ, ஒரு முழம் பலகைகூட இல்லை.

அலபாமா மாநிலத்தின் தலைநகரான மான்ட்கோமரியைப் பாருங்கள். தென்மாநிலக் கூட்டமைப்பு தன் முதல் தலைநகராகக் கொண்ட ஊர் அது. அந்தப் பெருமையைப் பேசும் சின்னங்களுக்கு அந்நகரிலே பஞ்சமே இருந்ததில்லை. அதே நகரின் தெருக்களிலேதான், தாயை ஒருவன் வாங்க, சேயை வேறொருவன் வாங்க, ஆடுமாடுகளைப்போல மனிதர்களை ஏலம் கூறி விற்ற சந்தை நடந்தது. அதைச் சொல்லும் பலகைகள் எப்போது எழுந்தன தெரியுமா? 2013-ஆம் ஆண்டு டிசம்பரில்! பிரையன் ஸ்டீவன்சன் என்னும் வழக்கறிஞரும் அவர் நிறுவிய சம நீதி அமைப்பினரும் பாடுபட்ட பிறகே, அடிமை வாணிகத்தின் கதையைக் கூறும் பலகைகள் அங்கே நாட்டப்பட்டன. அடிமை முறை ஒழிந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்து, அது இங்கே நடந்தது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு அந்தத் தெருவுக்கு வந்தது.

இதனை மனத்திலே வைத்துக்கொண்டு டல்லஹாச்சி ஆற்றங்கரைக்கு வருவோம்.

எம்மெட் டில் என்பது அந்தச் சிறுவனின் பெயர். 1941-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் பிறந்தவன். சிகாகோ நகரத்துக் கறுப்பினச் சிறுவன். தந்தையை இழந்தவன், தாய் மேமிக்கு ஒரே மகன். 1955-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையிலே, மிசிசிப்பியிலே இருந்த தன் தாயின் மாமன் மோஸ் ரைட் வீட்டுக்கு விருந்தாகச் சென்றான். அப்போது அவனுக்கு வயது 14. அந்த வட்டாரத்துச் சிற்றூரின் பெயர் மணி. ஆங்கிலத்திலே அதற்குப் பணம் என்று பொருள். பெயரிலே பணம், வாழ்விலே வறுமை. பருத்திக் காட்டிலே முதுகொடியப் பாடுபட்டுப் பாதி விளைச்சலை நில முதலாளிக்கு அளந்து கொடுத்தவர் பலர் வாழ்ந்த ஊர் அது.

ஆகஸ்டு 24-ஆம் நாள், மிட்டாய் வாங்க அவ்வூர்க் கடைக்குச் சென்றான் சிறுவன். கடையிலே இருந்தவர் கடைக்காரரின் மனைவி, வெள்ளைப் பெண். அவரைப் பார்த்துச் சீழ்க்கை அடித்தான் என்று அவன்மீது பழி எழுந்தது. நான்கு நாள் கழித்து, 28-ஆம் நாள் விடியுமுன், கடைக்காரர் ராய் பிரையன்ட்டும், அவருடைய ஒரு தாய் வயிற்றுச் சகோதரர் மைலமும் கைத்துப்பாக்கியுடன் மோஸ் ரைட் வீட்டுக் கதவைத் தட்டினர். உறங்கிக்கொண்டிருந்த சிறுவனை எழுப்பி இழுத்துச் சென்றனர். மூன்று நாள் கழித்து அவன் உடல் டல்லஹாச்சி ஆற்றிலே மிதந்தது. முகம் சிதைந்து, தலையிலே குண்டு பாய்ந்து, பருத்தி அரவை எந்திரத்தின் 75 பவுண்டு இரும்பு விசிறி கழுத்திலே முள்கம்பியால் பிணைக்கப்பட்டுக் கிடந்தது அந்தப் பிஞ்சு உடல். விரலிலே இருந்த மோதிரத்தைக் கொண்டே அடையாளம் கண்டனர்.

உடனே அங்கேயே புதைத்துவிட வேண்டும் என்று துடித்தார் அம்மாவட்டக் காவல் தலைவர். தாய் இசையவில்லை. மகனைச் சிகாகோவுக்குக் கொண்டு வரச் செய்தார். பெட்டியை மூடுங்கள் என்றவர்களுக்கு, மூட மாட்டேன், என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்னும் கருத்திலே உறுதியாக நின்றார். பல்லாயிரவர் வரிசையிலே வந்து பார்த்தனர். ஜெட் என்னும் ஏடு அந்தப் படத்தை வெளியிட்டது. பார்த்தவர் கண்ணீர் வடித்தனர். கண்ணீர் வடித்தவர் கை முறுக்கினர். அந்தத் தாய் திறந்து வைத்த பெட்டிதான், நாம் பேசும் வரலாற்றுப் பலகைகளுக்கெல்லாம் முன்னோடி!

செப்டம்பரிலே சம்னர் என்னும் ஊரிலே வழக்கு நடந்தது. நீதிமன்றத்தின் முன்னே நின்றது ஒரு சிலை. யாருக்கு? 1913-ஆம் ஆண்டிலே தென்மாநிலக் கூட்டமைப்பின் படைவீரருக்காக எழுப்பிய சிலை. நீதி கேட்டு வருபவன் முதலிலே அதைக் கடந்தாக வேண்டும். உள்ளே, ஜூரிகள் பன்னிருவர், பன்னிருவரும் வெள்ளையர், பன்னிருவரும் ஆடவர். அது எப்படி நேர்ந்தது? அம்மாவட்டத்து மக்களிலே பெரும்பாலோர் கறுப்பர். ஆனால் வாக்காளர் பட்டியலிலே ஒரு கறுப்பரின் பெயரும் இல்லை. வாக்காளர் அல்லாதவர் ஜூரியாக அமர முடியாது. பட்டியலிலே பெயரில்லை, ஆதலால் ஜூரியிலே இடமில்லை. ஜூரியிலே இடமில்லை, ஆதலால் நீதியிலே பங்கில்லை! எத்துணை எளிமையான கணக்கு! துப்பாக்கியே தேவையில்லை, தாளும் மையும் போதும் என்று காட்டிய கணக்கு.

அந்த மன்றத்திலே முதியவர் மோஸ் ரைட் எழுந்து நின்றார். தம் வீட்டுக்கு வந்து சிறுவனை இழுத்துச் சென்றவர்கள் இவர்கள்தாம் என்று கைநீட்டிக் காட்டினார். மிசிசிப்பியிலே, வெள்ளையர் நிறைந்த மன்றத்திலே, ஒரு கறுப்பின உழவர் வெள்ளையரை நோக்கி விரல் நீட்டுவது உயிரைப் பணயம் வைக்கும் செயல். சாட்சி சொன்ன பிறகு அவர் அந்த மாநிலத்திலே வாழ முடியவில்லை. பருத்திப் பயிரை விட்டுவிட்டு வெளியேறினார். காவல் தலைவரோ, கிடைத்த உடல் அச்சிறுவனுடையதுதான் என்று உறுதியாகக் கூற முடியாது என்று எதிரிகளின் தரப்புக்குச் சாட்சி கூறினார்! ஜூரிகள் 67 நிமிடங்களிலே முடிவு கண்டனர்: குற்றவாளிகள் அல்லர்.

விடுதலை பெற்ற இருவரும் சும்மா இருந்தனரா? இல்லை. 1956 ஜனவரியிலே, லுக் என்னும் ஏட்டிலே, பணம் பெற்றுக்கொண்டு, கொன்றது தாங்களே என்று கதையை விற்றனர். ஒருமுறை விடுதலை பெற்றவனை அதே குற்றத்துக்கு மறுமுறை விசாரிக்கச் சட்டம் இடம் தராது என்னும் துணிவு அவர்களுக்கு. கொலையும் செய்து, கொலையைச் சொல்லிக் கூலியும் பெற்ற கொடுமையை என்னென்பது!

நாடு கொதித்தது. சிறுவன் மாண்டு நூறு நாள் ஆகுமுன், டிசம்பர் 1-ஆம் நாள், மான்ட்கோமரி நகரப் பேருந்திலே ரோசா பார்க்ஸ் அம்மையார் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதன் பின் எழுந்த பேரியக்கத்தை உலகம் அறியும். ஆனால் கொலை நடந்த வட்டாரத்திலே? அங்கே மௌனம். ஆறு ஓடிற்று, பருத்தி பூத்தது, கடை பாழடைந்தது, ஒரு பலகையும் எழவில்லை. ஓராண்டல்ல, ஈராண்டல்ல, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள்!

அம்மௌனம் எப்படி உடைந்தது? எவரோ ஒரு வள்ளல் மனமிரங்கியா? ஊர்ப் பெரியவர்களின் உள்ளம் உருகியா? இல்லை. 1965-ஆம் ஆண்டிலே வாக்குரிமைச் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியலிலே கறுப்பர்களின் பெயர் ஏறிற்று. ஏறிய பெயர்கள் நாளடைவிலே ஆட்சி மன்றத்திலும் ஏறின. டல்லஹாச்சி மாவட்ட ஆட்சிக் குழுவின் தலைவர் நாற்காலியிலே முதன்முதலாக ஒரு கறுப்பர் அமர்ந்தார்; அவர் பெயர் ஜெரோம் லிட்டில். அவருடைய முயற்சியினாலே, 2006-ஆம் ஆண்டிலே, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த நினைவுக் குழு ஒன்று அமைந்தது. 2007 அக்டோபர் 2-ஆம் நாள், அதே சம்னர் நீதிமன்றத்தின் முன்னே, எம்மெட் டில் வழக்கிலே நீதி தவறியது என்று மாவட்டத்தின் பேரால் ஒப்புக்கொண்டு, ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து அறிக்கை படித்தனர். அடுத்த ஆண்டு, வழக்கோடு தொடர்புடைய இடங்களிலே பலகைகள் நாட்டினர். பட்டியலிலே பெயரில்லாததால் இழந்த நீதியின் கதையை, பட்டியலிலே பெயர் ஏறிய பிறகே பலகையிலே எழுத முடிந்தது. முதலிலே வாக்குச் சீட்டு. பிறகே வரலாற்றுப் பலகை. இந்த வரிசையை மறவாதீர்!

ஆற்றங்கரையிலே கிராபால் துறை என்னும் இடத்திலே நாட்டிய பலகையின் கதையைக் கேளுங்கள். முதற் பலகையைத் திருடிச் சென்றனர். இரண்டாம் பலகை வந்தது. அதுதான் 317 துளை பெற்ற பலகை. மூன்றாம் பலகையை 2018 ஜூனிலே நாட்டினர். 35 நாளிலே அதன்மீதும் குண்டு பாய்ந்தது. மறு ஆண்டு, துளைபட்ட அந்தப் பலகையின் பக்கத்திலே துப்பாக்கி ஏந்திப் புன்னகை பூத்து நின்ற மூன்று கல்லூரி மாணவர்களின் படம் வெளியாகி ஊரைக் கலக்கிற்று. 1955-ஆம் ஆண்டுக்கு நெடுநாள் பின்னே பிறந்த பிள்ளைகள்! கொன்றவர்களை இவர்கள் பார்த்ததில்லை, கொல்லப்பட்டவனையும் பார்த்ததில்லை. பின் அந்தப் புன்னகையை இவர்களுக்குக் கற்றுத் தந்தது யார்?

நினைவுக் குழுவினர் சலிக்கவில்லை. 2019 அக்டோபரிலே நான்காம் பலகையை நாட்டினர். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட கனமுள்ள, குண்டு துளைக்காத எஃகினாலே செய்தது; எடை 500 பவுண்டு. சிறுவனின் உடலை ஆற்றிலே அமிழ்த்துவதற்கு 75 பவுண்டு இரும்பு. அவன் நினைவை ஆற்றங்கரையிலே நிறுத்துவதற்கு 500 பவுண்டு இரும்பு! துளைபட்ட இரண்டாம் பலகையோ, 2021-ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலே, நாட்டு வரலாற்று அருங்காட்சியகத்திலே காட்சிக்கு வைக்கப்பட்டது. எழுத்தை அழிக்க வந்த குண்டுகளே எழுத்தாகிவிட்டன. 2023 ஜூலை 25-ஆம் நாள், எம்மெட் டில் இருந்திருந்தால் 82-ஆம் பிறந்தநாள் கண்டிருக்க வேண்டிய நாளிலே, அந்த ஆற்றங்கரையும், சம்னர் நீதிமன்றமும், இறுதி வழிபாடு நடந்த சிகாகோ தேவாலயமும் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. தாய் மேமி அதைக் காண உயிருடன் இல்லை. 2003-ஆம் ஆண்டிலேயே கண் மூடினார்.

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று கேட்பவர் எல்லா நாட்டிலும் உண்டு. கேட்பவரைக் கூர்ந்து நோக்குங்கள். பெரும்பாலும் புண் அவர் உடலிலே இராது! புண் ஆறியிருக்குமாயின், பலகையைப் பார்த்தவன் பெருமூச்சு விட்டுவிட்டுப் போவான். துப்பாக்கியைத் தேட மாட்டான். பலகை கிளறியதால் புண் உண்டாகவில்லை. புண் ஆறவில்லை என்பதையே குண்டு காட்டிற்று. அதே மாநிலத்திலே, அடிமை முறைக்காகப் போரிட்டோரின் தூண்கள் எத்தனை தலைமுறை பாதுகாப்பாக நின்றன! எந்தப் பலகை நிம்மதியாக நிற்கிறது, எந்தப் பலகைக்கு எஃகுக் கவசம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் போதும். அந்நாட்டிலே எது முடிந்த கதை, எது முடியாத கதை என்பது விளங்கிவிடும்.

பலகை பசி தீர்க்குமா என்று கேட்பவரும் உண்டு. தீர்க்காதுதான். ஏழை மாவட்டத்துக்கு வேலை வேண்டும், பள்ளி வேண்டும், மருத்துவமனை வேண்டும். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். உன் மகன் கொல்லப்பட்டான். கொன்றவனை ஊர் அறியும். ஆயினும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பதுபோல ஊர் நடமாடுகிறது. அந்த ஊரிலே உனக்குக் கிடைக்கும் சோறு எப்படி இனிக்கும்? அங்கே ஒரு பலகை எழுந்தால், நீ பட்டது உண்மை, அதை நாங்கள் அறிவோம் என்று ஊர் பொதுவிடத்திலே கையொப்பம் இடுகிறது. உரிமை கேட்கும் நாவுக்கு அந்தக் கையொப்பம் தரும் வலிமை சிறிதல்ல.

இரவிலே வந்து சுடுபவனைவிட அஞ்சத்தக்கவர் வேறு உண்டு. 2025-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் ஓர் ஆணையிலே கையெழுத்திட்டார். தேசியப் பூங்காக்களிலும் நினைவிடங்களிலும் உள்ள வாசகங்கள் அமெரிக்கரை முறையின்றி இழிவுபடுத்தாதபடி பார்த்துக்கொள்க, நாட்டின் பெருமையைப் பேசச் செய்க என்பது அதன் சாரம். அமெரிக்கரை இழிவுபடுத்தும் வாசகம் கண்டால் தெரிவியுங்கள் என்று பார்வையாளரைக் கேட்கும் அறிவிப்புகளும் அவ்விடங்களிலே வைக்கப்பட்டன. நாம் கேட்பது இதுதான்: நடந்த கொலையைச் சொல்லுவது இழிவா, நடத்திய கொலை இழிவா? எம்மெட் டில் அமெரிக்கன் அல்லனா? மோஸ் ரைட் நீட்டிய விரலிலே இருந்த பெருமையைவிட, பெட்டியைத் திறந்து வைத்த தாயின் நெஞ்சுரத்தைவிட, ஒரு நாடு பேசத்தக்க பெருமை வேறு எது? இரவிலே வந்தவனின் குண்டு எழுத்தைத் துளைத்தது. துளைகளுக்கிடையே வாசகம் நின்றது. பகலிலே இடும் ஆணையோ, துளையும் இன்றி, ஓசையும் இன்றி, வாசகத்தையே மாற்ற வல்லது. எஃகுத் தகடு குண்டைத் தடுக்கும்; ஆணையைத் தடுக்க எந்த உலோகமும் இல்லை. அதைத் தடுக்கக்கூடியது ஒன்றே ஒன்று: வாக்காளர் பட்டியலிலே பெயருள்ள மக்களின் விழிப்பு.

அயல்நாட்டுக் கதைதானே என்று ஏட்டை மடித்து வைப்போர் சற்றே பொறுக்க. சாலை எந்த நாட்டிலும் உண்டு. சாலை ஓரத்திலே சொல்லப்படாத கதையும் எந்த நாட்டிலும் உண்டு. வெற்றி பெற்றவன் தன் கதையைத் தானே செதுக்கிக்கொள்வான். அவனுக்குச் சிற்பியும் கிடைப்பான், திறப்பு விழாவும் கிடைக்கும். தோற்கடிக்கப்பட்டவனின் கதைக்குத்தான் நாலு பேர் கூடி, நாலு முறை வீழ்த்தினாலும் நாலு முறையும் நாட்ட வேண்டியிருக்கிறது.

டல்லஹாச்சிக் கரையிலே அந்த நாலு பேர் இருந்தனர். முதற் பலகை போயிற்று. அழவில்லை, இரண்டாவதை நாட்டினர். இரண்டாவது சல்லடையாயிற்று, சபிக்கவில்லை, மூன்றாவதை நாட்டினர். மூன்றாவதும் துளைபட்டது, நான்காவதை எஃகாலே நாட்டினர். நீதிமன்றத்திலே 67 நிமிடத்திலே முடித்துவிட்டதாக எண்ணிய வழக்கை அவர்கள் சாலை ஓரத்திலே மீண்டும் எடுத்துக்கொண்டனர். அங்கே ஜூரிகள் பன்னிருவர் அல்லர். அவ்வழியே போவோர் வருவோர் அனைவரும் ஜூரிகள்.